தனலெட்சுமி கழற்றிய நடைமெஷின்கள்

செய்தி வந்தபோது நான் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே, முன்மூடி திறந்த ஒரு நடைமெஷின், வீட்டுக்குள்ளேயே நடக்க வைத்திருக்கும் டிரெட்மில். மோட்டாரைச் சுற்றி அடைத்திருந்த தூசியையும் முடியையும் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அழைத்தது தனலெட்சுமியின் மகள் கவிதா. "மாமா, அம்மா போயிட்டாங்க," என்றாள். காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் "சரிம்மா" என்றேன். மூடியைத் திருகி வைத்து, நான் திரும்பி வரும்வரை பிளக்கில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் பத்திரிகையில் மரண அறிவிப்பு வந்தது. படம் நல்ல படம்தான். அதன் கீழே, தோட்டத்தில் பிறந்தவர், ரவாங்கில் தொழிற்சாலை ஊழியராக இருந்தவர், பின்னர் இல்லத்தரசி என்று போட்டிருந்தார்கள். அந்த இல்லத்தரசி பத்து வருஷத்துக்கும் மேலாக என்னோடு வீடு வீடாகப் போய் நடைமெஷின்களைக் கழற்றினார், ஏற்றினார், இறக்கினார், திரும்பப் பூட்டினார். கோலசிலாங்கூரிலிருந்து கலும்பாங் வரைக்கும் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களில் அவர் கை பட்டிருக்கிறது. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அந்த அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரும் இது சரியில்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் நம் ஊர் மலரில் நான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த வேலையை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் குப்பைக்குப் போட்டிருந்த மெஷின்களை எடுத்துவந்து, கழற்றிப் பார்த்து, கெடுத்து, மறுபடி கழற்றிக் கற்றுக்கொண்டேன். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பவர்களிடம் மெஷின் ஓடுகிறதா என்று திருப்பிக் கேட்பேன். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. என்னிடம் லோரியும் இல்லை. தனத்திடம் இருந்தது. கணவர் விட்டுப்போன சின்ன லோரியை விற்க மனமில்லாமல் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்த தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது. லோரி வேண்டுமானால் நானும் கூட வருவேன், சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றார். அப்படித்தான் சேர்ந்தோம்.

முதல் வேலை கோலசிலாங்கூரில், ஒரு மாடி வீட்டில். மெஷினை மேலேயிருந்து கீழே கொண்டுவர வேண்டும். மடித்து, கட்டி, முழுசாகவே இறக்கிவிடலாம் என்றேன். நானும் வீட்டுக்காரரின் மைத்துனரும் போதும் என்பது என் கணக்கு. தனம் படிக்கட்டின் திருப்பத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கீழே இறங்கிப்போய் நின்றுகொண்டார். "தூக்குறதுன்னா தூக்குங்கண்ணே. நான் இங்க நின்னு ஆம்புலன்ஸக் கூப்பிடுறேன்," என்றார். மைத்துனர் உடனே கையை எடுத்துவிட்டார். அன்றைக்கு அதைக் கழற்றித்தான் இறக்கினோம். எனக்குக் கோபம்தான். வீடு திரும்பும்வரை அவரோடு பேசவில்லை. அவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வழியில் நிறுத்தி கோரேங் பீசாங் என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தனியாகத் தின்றார்.

அவர் கழற்றும் முறையைச் சொல்ல வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கிய வயரைச் சுருட்டித் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்வார், வேறு யாரும் போய்த் திரும்பச் செருகிவிடாதபடி. உடனே மூடியைத் திறக்க மாட்டார். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் கொஞ்ச நேரத்துக்கு மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதற்குள் வீட்டாரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். நாம் மேலே ஏறி நடக்கிற பலகை, மடிக்கும்போது மேலே எழுந்து நிற்கும். அதைத் தாங்க அடியில் ஒரு தண்டு இருக்கும், கார் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிற தண்டு மாதிரி. பலகை கீழே கிடக்கும்போது அந்தத் தண்டு அழுந்திப் போய் இருக்கும். அப்போது அதன் போல்ட்டைக் கழற்றினால் முகத்தில் பாயும். ஆகவே பலகையை மேலே தூக்கி, கொக்கியில் மாட்டி, கயிற்றால் கைப்பிடியைத் தாங்கும் இரண்டு தூண்களோடும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் தண்டில் ஸ்பேனர் வைப்பார். கொக்கியை அவர் நம்பவே மாட்டார். "கொக்கி கம்பெனிக்காரன் போட்டது, கயிறு நான் போட்டது," என்பார். தூண்களுக்குள் போகும் வயரை இழுக்காமல் இணைப்பில் விரலால் அழுத்திப் பிரிப்பார். திருகாணிகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தாரோ அந்தத் துளையிலேயே பாதி திருகி விட்டுவைப்பார். நான் அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போகிற ஆள். இன்றைக்கும் டப்பாதான். அதில் நான் மாறவில்லை.

ஆயுத பூஜை முடிந்த ஒரு நாள் கம்போங் குவாந்தான் போகும் வழியில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். மெஷின் நின்றுவிட்டது, கருகல் வாடை வருகிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் கைப்பிடியில் மாலை, திரையில் சந்தனம், குங்குமம். வாசலில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பூஜை போட்ட கையோடு இதற்கும் போட்டிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது போல இதன் பெல்ட்டின் மேலும் இரண்டு பழங்களை வைத்து சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். பெல்ட் பழங்களைப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளியது. அவை அடியில் உருண்டு, உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கி, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிழிந்தது.

தனம் மெஷினைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: "காரு ஓடும், பழம் அங்கேயே இருக்கும். இது நின்ன எடத்துல ஓடுறதுலா, பழந்தான் ஓடும்." அவர் மனைவிக்கு வேறு கவலை. பழம் நசுங்காமல் போனது அபசகுனமா என்று மெதுவாகக் கேட்டார். "நசுங்காமயா? இங்க வந்து பாருங்கம்மா," என்று தனம் உருளையில் அப்பிக்கிடந்த தோலைக் காட்டினார். அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மனைவியை இழந்த ஒருவனும் கணவனை இழந்த ஒருத்தியும் ஒரே லோரியில் போனால் ஊருக்கு அது போதும். கோயில் திருவிழாவில் ஒருவர் என்னிடமே வந்து, அந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். தனத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஒரே மெஷினோட ரெண்டு முனையத் தூக்குற உறவுன்னு சொல்ல வேண்டியதுதானண்ணே," என்றார். அந்த ஆள் இந்த மலரைப் படிப்பார் என்று தெரியும். இதுதான் பதில்.

ஆகவே அறிவிப்பைப் பார்த்ததும் இரண்டு காரணங்கள்தான் எனக்குத் தோன்றின. ஒன்று, அம்மா மற்றவர்கள் வீட்டில் சுமை தூக்கினார் என்பது பிள்ளைகளுக்கு வெட்கம். இல்லையென்றால் ஊர்ப் பேச்சுக்குப் பயம். எட்டாம் நாள் படையலுக்குப் போனவன், சாப்பிடாமல், சமையலறையில் கவிதா தனியாக இருக்கும்போது கேட்டேன். பந்தலில் வைத்துக் கேட்கவில்லை, அந்த அளவு நாகரிகம் எனக்கும் உண்டு.

"அம்மா செஞ்ச வேலைய எழுதறதுக்கு உங்களுக்கு என்னம்மா கூச்சம்?"

அவள் அடுப்பை அணைத்தாள். "எங்களுக்குக் கூச்சம் இல்ல மாமா. அம்மாதான் போடாதீங்கன்னாங்க."

நான் நம்பவில்லை. எப்போது சொன்னார் என்றேன். போன வருஷம் மருத்துவமனையில் படுத்திருந்தபோது சொன்னாராம். "நான் போனப்பறம் இந்த மெஷின் வேலையப் பத்தி எங்கயும் எழுதாதீங்க. ஒரு மனுசனோட வெரல எடுத்தவ நான்." இதைச் சொல்லும்போது கவிதா என்னைப் பார்க்கவில்லை.

விரல் சம்பவத்தை நான் இதில் எழுதுவதாக இல்லை. இப்போது எழுதாமல் முடியாது. பல வருஷங்களுக்கு முன் கலும்பாங்கில், ஒரு தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மகன் வீட்டுக்குக் குடிபோவதற்காக மெஷினைக் கழற்றச் சொன்னார். தனம் பலகையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். அடித்தண்டிலிருந்து எண்ணெய் கசிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். அதற்குத் தாங்கும் சக்தி இல்லை, பலகை முழுவதும் கொக்கியில்தான் நிற்கிறது, தொடாதீர்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுக் கயிறு எடுக்க வெளியே வந்தார். நான் லோரியை வாசலுக்குப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவருக்கு ஒரு பெண்பிள்ளை தனியாகப் பாடுபடுகிறதே என்று இரக்கம். பலகையை இறக்கி வைத்து உதவலாம் என்று கொக்கியைக் காலால் மிதித்துவிட்டார். பலகை விழுந்தது. அவர் கை கீல் பக்கத்தில் இருந்தது. சுட்டுவிரலின் மேல் கணு போய்விட்டது.

அந்தப் பெரியவர் கடைசிவரை அவரைக் குற்றம் சொல்லவில்லை. தவறு தன்னுடையதுதான் என்று மருத்துவரிடமே சொன்னார். நானும் அன்று திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் சொன்னேன். தொடாதே என்று சொன்ன பிறகு தொட்டவருக்கு நீ எப்படிப் பொறுப்பு?

"சொல்லிட்டு வந்தேன். கூட்டிட்டு வரலயே," என்றார் தனம்.

ஒரு நிமிஷ வேலை அது, கயிறு எடுக்கத்தானே போனாய் என்றேன்.

"பலகைக்கு அது தெரியாதுண்ணே."

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. எந்த வீட்டிலும் வீட்டாரை மெஷினோடு தனியாக விட மாட்டார். எதையாவது எடுக்க லோரிக்குப் போனால் அவர்களையும் அழைத்துக்கொண்டுதான் போவார். ஒரு ஸ்பேனரை எடுக்கக் குடும்பமே வாசலுக்கு ஊர்வலம் போன நாட்கள் உண்டு. நான் கேலி செய்தேன். கேலியைத் தாங்கிக்கொண்டார். அது ஒரு பழக்கம் என்றே நினைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அவர் அந்த விரலைச் சுமந்துகொண்டுதான் வாசலுக்குப் போனார் என்பது கவிதா சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

சமையலறையில் நான் விடவில்லை. அம்மா நினைத்தது தவறு, நான் எழுதத்தான் போகிறேன் என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் என்னோடு வாதாடவில்லை. தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "தப்பாவே இருக்கட்டும் மாமா. ஆனா அது அம்மா சொன்னது," என்றாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. இறந்தவர் வேண்டாம் என்றதைச் செய்வது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லைதான். ஆனால் நான் எழுதாமல் விட்டால், அவர் தன் மேல் தானே போட்டுக்கொண்ட பழி மட்டும்தான் மிஞ்சும். அத்தனை வீட்டு வேலையை ஒரு விரலுக்கு ஈடாக அழித்துவிட அவருக்கே உரிமை கிடையாது என்பது என் கட்சி. இதை அவர் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் பதில் வந்திருக்கும். என் வாயை அடைக்கிற மாதிரி ஒரே வரியில் வந்திருக்கும். இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை. வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

கவிதா அவருடைய கருவிப் பையை எனக்குக் கொடுக்க வந்தாள். வாங்கவில்லை. என்னிடம் என் கருவிகள் இருக்கின்றன. தனத்திடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவளிடம் சொன்னேன்.

போன வாரம் தஞ்சோங் காராங்கில் ஒரு வேலை. வயதான தம்பதி, தனியாக இருக்கிறார்கள். பலகையைத் தூக்கி மாட்டினேன். கயிறு வெளியே வாடகை லோரியில் இருந்தது. கதவுவரை போனவன் திரும்பி வந்தேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, எழுந்திருக்கவே நேரமாகும் என்றார் கணவர். பரவாயில்லை, நான் நிற்கிறேன் என்றேன். இருவரையும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு வெயிலில் வாசலுக்குப் போனேன். எதற்காக இது என்று அந்த அம்மா கேட்டார்.

கலும்பாங்கில் தனலெட்சுமி செய்தது தவறில்லை என்று இன்றும் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் கயிறு எடுக்க என்று மட்டும் சொன்னேன். கயிற்றை எடுத்துக்கொண்டு, அவர்களை முன்னால் விட்டு, பின்னால் நடந்து வந்தேன்.