அண்ணன் அம்மன் வாக்கைத் தள்ளவில்லை

இதை எழுத எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. அண்ணன் இருந்தபோது ஏழு வருடம் வாய் வரவில்லை. இந்த நினைவு மலர் வெளிவரும் நாளோடு அவர் போய் ஒரு வருடம் முடிகிறது; இந்த வருடத்திலும் பல நாள் நோட்டைத் திறந்து, சாமி படத்தைப் பார்த்து, மூடி வைத்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மளிகைச் சீட்டு தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தார். எங்கள் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது அண்ணன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தார், எனக்கு நான்கு வயது. அடுத்த மாதமே பள்ளிக்கூடப் பையைச் சுவரில் மாட்டிவிட்டுப் படகில் ஏறினார். முதலில் சமையல் வேலை, பிறகு வலை, பிறகு இருபத்தைந்து வயதுக்குள் விசைப்படகில் டிரைவர். இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் படகு வருகிறது என்று கரையில் இருந்து சொல்வார். என்னைத் திருவொற்றியூரில் கட்டிக் கொடுத்தார். நான் வாழ வந்த வீட்டில் ஒரு குறை என்று சொன்னால் மறுநாள் காலையில் மீன் கூடையோடு வாசலில் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். அவர் வந்து போனாலே வீட்டில் எல்லாரும் ஒரு வாரம் என்னிடம் மரியாதையாக இருப்பார்கள்.

பக்தியில் அவரைப் போல நான் பார்த்ததில்லை. கடலுக்குப் போகும்போது எங்கள் குப்பத்து அம்மன் கோயிலில் நின்று சூடம் அணையும்வரை கும்பிட்ட பிறகுதான் படகில் கால் வைப்பார். அப்படிப்பட்டவரைத்தான் "அம்மன் வாக்கைத் தள்ளினவன்" என்று நம் சொந்தத்தில் பலர் பேசினீர்கள். நோயில் படுத்தபோது அதற்குத்தான் தண்டனை என்றும் பேசினீர்கள். நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அண்ணன் மகள் தேன்மொழி பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. இஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் காலம் அது. சின்ன வயதில் இருந்தே அந்த வேலையில் அவளும் அப்பாவோடு உட்கார்ந்திருப்பாள், கையெல்லாம் கிரீஸ். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்றாள். அண்ணிக்கு அதில் இஷ்டமில்லை. எனக்கு அதைவிட இல்லை, ஆனால் நான் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் படித்தால் ஏசி அறையில் உட்காரலாம், மாப்பிள்ளை தேடுவதும் சுலபம் என்று எல்லாரும் சொன்னார்கள். என் மகனையும் அதில்தான் சேர்த்திருந்தோம்.

அண்ணன் யார் பேச்சையும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. தடைக்காலம் என்பதால் கையில் பொழுது இருந்தது. மணலியிலும் எண்ணூரிலும் வள்ளூர்ப் பக்கத்திலும் கம்பெனி வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைகளில் போய் நின்றார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம், "தம்பி இன்னா படிச்சிருக்க? பர்மனெண்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டார். இரண்டு வாரம் இப்படியே நடந்தார். ஒரு நாள் மாலை எல்லாரும் வீட்டில் இருந்தபோது வந்து உட்கார்ந்து சிரித்தார்.

"கம்ப்யூட்டர் படிச்சவன் ரெண்டு பேரு கேட்ல செக்யூரிட்டியா நிக்கிறான். மெக்கானிக்கல் படிச்சவன் ஒருத்தன் பைக்ல சாப்பாடு கொண்டுபோய் குடுக்கறான். ரெண்டுலயும் பெரிய ஆளா ஆனவனும் கீறான். நான் இன்னான்னு முடிவு பண்றது?"

எங்கள் சித்தப்பா, "நீ டீ குடிச்சிகினு சுத்தனதுதான் மிச்சம். அம்மாளைக் கேளுடா" என்றார்.

தேன்மொழி, "அம்மாளுக்கு இன்ஜினியரிங் தெரியுமா தாத்தா?" என்றாள்.

"உன் வாய்க்குத் தெரியும்" என்றார் சித்தப்பா.

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்போம். எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. அம்மன் வேண்டாம் என்றதை மனிதர் பார்க்கக் கூடாது என்று அப்படியே கடலில் விட்டுவிடுவோம். சிவப்பு கம்ப்யூட்டர், வெள்ளை மெக்கானிக்கல். பூவைக் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆடிதோறும் பால்குடம் எடுக்கிறவள், அந்த வீட்டில் வாழாதவள், எனக்கு ஒரு பக்கமும் இல்லை என்று நினைத்தார்கள்.

நான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியே வைத்தேன்.

பிள்ளையின் நல்லதுக்குத்தானே, அம்மனுக்குத் தெரியாததா என்று சொல்லிக்கொண்டேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் இரும்போடு மல்லுக்கட்ட வேண்டாம், அவ்வளவுதான் என் எண்ணம். அண்ணி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு வந்தது. அண்ணி அழுது கும்பிட்டார். தேன்மொழி திருநீறு பூசிக்கொண்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். மற்றப் பொட்டலத்தை அண்ணன் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு கடற்கரையில் கல் கொட்டிய பக்கம் தனியாகப் போனார்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் அண்ணன் எங்களை எல்லாம் கூப்பிட்டார். மகளைப் பார்த்து, "நீ இன்னா படிக்கணும்னு கீற?" என்று கேட்டார்.

"அதான் பூ வந்துடுச்சே நைனா."

"பூவை உடு. உன்னைக் கேக்கறேன்."

"மெக்கானிக்கல்தான்."

"அதையே போடு."

சித்தப்பா எழுந்தேவிட்டார். "டேய், அம்மா சேப்பு குடுத்தாளேடா. கேட்டுட்டு மாத்துவியா? கடல்ல போறவன்டா நீ."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் மாத்தறேன். எது வந்தாலும் என் தலையில வரட்டும். வேற யாரையும் யாரும் கேக்க வேணாம்" என்றார்.

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்ன நடந்தது என்று நீங்களே அறிவீர்கள். சித்தப்பா ஐந்து வருடம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணி, புருஷன் செய்த குற்றத்துக்கு என்று ஒவ்வொரு வருடமும் தீச்சட்டி எடுத்தார். அண்ணன் தடுக்கவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குக் காக்கி உடை வேண்டும் என்றதும் வண்ணாரப்பேட்டைக்கு மகளோடு போனார், நானும் போனேன். தையல்காரர், "பையனுக்கா?" என்று கேட்டார். "பொண்ணுக்கு. பாக்கெட் பெருசா வையி, ஸ்பானர் வெப்பா" என்றார் அண்ணன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கேட்டதில்லை.

படிப்பு முடிந்து ஒரு வருடம் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. "பாத்தியா, அம்மன் வாக்கு" என்றார்கள். பிறகு துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பழுது பார்க்கும் பிரிவில் சேர்ந்தாள். இப்போது அவள் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்திருந்தாலும் அவள் நன்றாகத்தான் இருந்திருப்பாள். என் மகன் நன்றாகத்தான் இருக்கிறான். எந்தப் படிப்பு உயர்ந்தது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

கடைசி இரண்டு வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்வார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் துணைக்கு இருப்பேன். பார்க்க வந்த ஒருவர் வாசலில் நின்று தண்டனைப் பேச்சைப் பேசியது அண்ணன் காதில் விழுந்தது. வந்தவர் போனதும் நான் தாங்கமாட்டாமல் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "ண்ணா, ரெண்டுலயும் சேப்புதான் வெச்சேன்" என்றேன்.

அண்ணன், "தெரியும்மா" என்றார்.

"எப்படிண்ணா?"

"கடல்ல உட்டேன் இல்ல, பேப்பர் ஊறிப் பிரிஞ்சிக்கிச்சி. நான் பிரிக்கல, தண்ணி பிரிச்சிது. சேப்பாப் பூ மெதந்துகினு போச்சி."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே. இல்ல, மறுபடி பூ கட்டச் சொல்லியிருக்கலாமே."

"ஏன் மறுபடின்னு கேப்பாங்க இல்ல? உன்னைப் பால்குடம் தூக்க உடுவாங்களா அப்புறம்? உன் மாமியா வூட்ல நிம்மதியா சோறு துன்னுவியா? நான் அப்ப வருஷத்துல பாதி நாளு கடல்ல கெடந்தவன். என்னைத் திட்டினா எனக்குக் கேக்கவா போச்சி?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "அம்மா அன்னிக்கு ஒண்ணும் சொல்லலம்மா. சொல்றதுக்கு நீ வழி உடல. அவ சொல்லாதப்ப, படிக்கப் போறவளைத்தான கேக்கணும்?"

எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நான் இருக்கறவரைக்கும் வேணாம். சண்டை பாக்க என்னால முடியாது. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். அதன்பின் நான்கு செவ்வாய்க்கிழமைதான் இருந்தார். ஐந்தாவது வாரம் விடியற்காலையில், மகள் கையைப் பிடித்தபடி அம்மன் திருவடி சேர்ந்தார்.

இதை எழுதி முடித்து முதலில் தேன்மொழியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். நானே போனேன். அன்று கண்ணை மூடிப் பொட்டலம் எடுத்தது அண்ணியின் கை. ஏழு வருடம் தன் கைக்கு வந்த வாக்கைப் புருஷன் மதிக்கவில்லை என்று அவரிடம் முகம் கொடுக்காமல் இருந்த நாள் எத்தனையோ. கேட்டுவிட்டு அண்ணி என்னைத் திட்டவில்லை. "நான் பேசினதையெல்லாம் வாங்கிகினு சோறு போடுன்னு உக்காருவாரே" என்றார். இன்றும் என்னிடம் அளவாகத்தான் பேசுகிறார். அது நியாயம். இந்த ஆடிக்கு நான் பால்குடம் எடுக்கவில்லை; கூட்டத்தில் நின்று கும்பிட்டேன்.

அண்ணனை இரண்டு வருடம் கூடப்பிறந்தவர்களைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த குப்பத்துப் பிள்ளைகளுக்கும், அவரோடு படகில் போய் இறுதிவரை தோள் கொடுத்த கூட்டாளிகளுக்கும், அடக்கத்தன்று மழையில் மூலக்கொத்தளம் மயானம் வரை நடந்து வந்த எல்லாருக்கும், நோய் என்று கேட்டதும் கோபத்தை விட்டு வந்து தினமும் தலைமாட்டில் உட்கார்ந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

ஒரே ஒரு வேண்டுதல். இந்த மலர் கிடைக்காதவர்கள் நம் சொந்தத்தில் நிறையப் பேர். அண்ணனைப் பற்றித் தப்பாகக் கேட்டவர்களும் அவர்கள்தான். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு, பூ தெரியாமல் மாறிவிட்டது என்று சொல்ல வேண்டாம். மாறவில்லை, நான் தெரிந்து வைத்தேன். அண்ணனை உயர்த்துவதற்காக, அம்மன் கனவில் வந்து மெக்கானிக்கல் என்று சொன்னாள் என்றும் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார். அம்மன் பெயரில் ஒரு பொய் போதும். தங்கையைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுமந்தார், மகளைக் கேட்டு மகளைப் படிக்க வைத்தார். அண்ணன் செய்தது அவ்வளவுதான். அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவர் தங்கை