அந்தக் கரையிலிருந்து வந்த போன்

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. பயந்துதான் பழக்கம். பஸ் ஏறிய பிறகு கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பயப்படுவேன். அதற்காக அடுப்புக்கு முன்னால் நின்று "அணைச்சிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தேன். அப்புறம், அப்படிச் சொன்னது இன்றைக்கா நேற்றைக்கா என்று ஒரு பயம் வந்தது.

இப்படிப்பட்டவளுக்கு ஏரியில் மீன் பிடிக்கிறவர் வாய்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் மீன் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் இரண்டு பேரும் கான்ட்ராக்ட்டில் இருந்தோம். நான் கடம்பத்தூர்ப் பக்கம், நெல் விளைகிற ஊர். அவருக்கு ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரை. கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. நான் பாட்டில் மூடி செய்கிற வேறொரு கம்பெனிக்குப் போனேன். அவர் அப்பாவின் படகுக்குத் திரும்பினார்.

புதிதில் ஒருநாள் சாயங்காலம், "நாளைக்கு நம்ம பாடு" என்றார். எங்கள் ஊரில் பாடு என்றால் கஷ்டம். "ஏன் இப்படிப் பேசுற? இன்னா பாடு வந்துச்சு உனக்கு?" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிற இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் ஒருத்தருக்கு, நாளைக்கு இன்னொருத்தருக்கு. நல்ல இடமும் எல்லோருக்கும் வரும், ஒன்றும் கிடைக்காத இடமும் எல்லோருக்கும் வரும். அந்த முறைக்குத்தான் அங்கே பாடு என்று பேர். பாட்டை விட்டு ஒருத்தர் வேறு இடத்தில் வலை கட்டினால் ஊரில் யாரும் அவரோடு பேச மாட்டார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு ஏரி கொஞ்சம் பிடித்துப்போனது. கம்பெனியில் நல்ல மெஷின் எப்போதும் சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் ஏரி எங்கள் ஊரோடு முடிகிறதில்லை. அதில் முக்கால்வாசிக்கு மேல் ஆந்திரா. தண்ணீரில் கோடு ஏது? இந்தக் கரையில் தமிழ், அந்தக் கரையில் தெலுங்கு, நடுவில் வலை. இறாலும் மடவை மீனும் குறைந்துகொண்டே வந்தபோது இரண்டு கரையும் ஒன்றை ஒன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. "குஞ்ச நாம வுட்டா அவன் புடிச்சிடுவான்" என்று இங்கே சொல்வார்கள். அதையேதான் அங்கேயும் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

ஒருவழியாக மீன் ஏலக் கொட்டகையில் இரண்டு கரைப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். தண்ணீருக்கு அடியில் புல் முளைத்த இடத்தில்தான் குஞ்சுகள் வளர்கின்றன. மழை பெய்து ஓயும்வரை அங்கே யாரும் வலை போடக் கூடாது. கொசுவலை மாதிரி பொடிக்கண் வலையை எங்கேயும் எப்போதும் போடக் கூடாது. போட்டால் எடுத்துவந்து, இரண்டு கரைக்காரர்களும் பார்க்க அறுத்துவிட வேண்டும். இதைக் கவனிக்க இங்கேயிருந்து ஒருத்தர், அங்கேயிருந்து ஒருத்தர், ஒரே படகில் சுற்றி வர வேண்டும். அதற்கும் முறை வைத்தார்கள். காவல் பாடு என்று பேரும் வந்துவிட்டது.

எனக்கு அது உண்மையிலேயே பாடுதான். பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் கோலத்தை மிதித்தாலே சண்டை வருகிற காலத்தில், ஒருத்தன் வலையைப் போய்த் தூக்கினால் அவன் சும்மா விடுவானா? நடு ஏரியில் அடித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? அவரைத் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "கம்பெனிக்குத் திரும்பிடேன். கான்ட்ராக்ட் ஆள் எடுக்கிறாங்க. இந்தக் காவல் உனக்கு எதுக்கு?"

"மழைக்கு அப்புறம் பாக்கலாம்மே" என்பார். மழைக்கு முன்னாலும் அதையேதான் சொன்னார்.

அந்த நாள் அவருக்குக் காவல் பாடு. எனக்கு முதல் ஷிப்ட். டீ இடைவேளையில் போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தால் ஒரே காற்றுச் சத்தம். கரகரப்பான ஆம்பளைக் குரல், தெலுங்கு. "மீ ஆயன" என்றது முதலில் கேட்டது. அப்புறம் ஒரு வார்த்தையைக் காற்று கொண்டுபோய்விட்டது. அப்புறம், "பாடைந்தம்மா, பாடைந்தி" என்று இரண்டு தரம். லைன் கட்.

எனக்குத் தெலுங்கு பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் மீ ஆயன என்றால் உன் வீட்டுக்காரர் என்று தெரியும். என் பக்கத்தில் மூடி எண்ணுகிற பெண் தெலுங்குக்காரி, அப்படிச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வாள். பாடை என்றால் என்ன என்பதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மூங்கிலும் பச்சை ஓலையும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. அவர் போனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

அதற்குமேல் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெலுங்குப் பெண்தான் சூப்பர்வைசரிடம் பேசி, என் பையை எடுத்து, என்னைக் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிவந்தாளாம். சூப்பர்வைசர் அம்மா கேள்வி கேட்கவில்லை. கடுகடுவென்று இருக்கிறவர், வாசல்வரை வந்து ஷேர் ஆட்டோவை அவரே கை காட்டி நிறுத்தினார். அன்றைக்கு அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

ஆட்டோவில் ஆந்திரா எல்லைக்குப் போகிற கூட்டம். ஒரு கோழிக்கூடை, இரண்டு மூட்டை வெங்காயம், நாங்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். கம்பெனியில் இருந்தவரை "ஏரியில் ஏதோ ஆயிடுச்சு" என்பதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"அக்கா, போன்ல இன்னாதான் சொன்னான்? அப்படியே சொல்லு."

அந்த வார்த்தையை வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் சொன்னேன். "மீ ஆயன. அப்புறம் என்னமோ. அப்புறம் பாடைந்தம்மா, பாடைந்தி."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிக்கிறியா நீ?"

"இல்லக்கா. பாடைந்தின்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். பல்பு பாடைந்தி, பாலு பாடைந்தி. எதோ பொருளு ரிப்பேரு. நடுவுல சொன்னது படவயா இருக்கும். படகு."

"ஆளுக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"ஆளுக்குச் சொன்னா கெட்ட சகவாசம் சேந்து வீணாப் போயிட்டான்னு அர்த்தம். உங்க ஊட்டுக்காரரு கெட்டுப்போயிட்டாருன்னு ஒருத்தன் வேல மெனக்கெட்டு ஏரியிலேர்ந்து போன் பண்ணுவானா?"

வெங்காய மூட்டைக்காரர் தெலுங்குக்காரர் போலிருக்கிறது. "கரெக்டும்மா, ரிப்பேருதான்" என்று அவரும் சொன்னார். கோழிக்கூடைக்காரர் டிரைவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் சொன்ன அர்த்தம் எனக்கு வேண்டிய அர்த்தமாகவே இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். பாதியில் இறங்கிக் கம்பெனிக்குத் திரும்பியிருக்கலாம், அவள் சம்பளமாவது மிஞ்சியிருக்கும். அவள் இறங்கவில்லை. கரைவரைக்கும் வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏரியில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. தூரத்தில் ஒரு படகு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், கயிற்றில் கட்டி இழுத்தபடி, எங்கள் படகு. அதில் ஒரு ஆள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

நான் தண்ணீரிலேயே இறங்கிவிட்டேன். முழங்கால்வரை சேறு.

"இன்னாமே, வேலைக்குப் போவல?" என்றார் அவர்.

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்தான் நடந்ததைச் சொன்னாள், தமிழில் ஒருதரம், முன் படகில் இருந்தவருக்குத் தெலுங்கில் ஒருதரம். முன் படகில் இருந்தவர் தடித்த ஆள். கரகரத்த குரல். பாடை என்று தமிழில் எதற்குச் சொல்வார்கள் என்று அவள் விளக்கியதும், அவர் தலையில் கை வைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நீ பயப்படாதேன்னு சொல்லத்தான் போன் பண்ணினேன்மா" என்று அவர் தெலுங்கில் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்.

நடந்தது இதுதான். காலையிலேயே காவல் முடிந்து, கூட வந்தவரை அந்தக் கரையில் இறக்கிவிட்டு இவர் தனியாகத் திரும்பியிருக்கிறார். நடு ஏரியில் எஞ்சின் நின்றுவிட்டது. குனிந்து பார்த்ததில் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. காற்று அவரை எங்கெங்கோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அப்போது வந்தவர் இந்த ஆள். "அவ ரொம்ப பயப்படுவா, மொதல்ல அவளுக்கு ஒரு போன் பண்ணிடுங்க" என்று என் நம்பரைச் சொன்னாராம் என் வீட்டுக்காரர்.

"இவரு யாருன்னு தெரியுதா?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் படகின் அடியில் சுருட்டிக் கிடந்த பொடிக்கண் வலையைக் காலால் காட்டினார். "விடியக்காலைல இவரு வலயத்தான் தூக்கினோம். எங்க ரெண்டு பேரு குடும்பத்தையும் இழுத்துத் திட்டினாரு. எஞ்சின் நின்னப்புறம் பாத்தா அதே ஆளு நேரா என்னப் பாத்து வராரு. செத்தோம்னுதான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"கயிற எடுத்தாரு. வலயத் திருப்பித் தருவியான்னு கேட்டாரு. தர மாட்டேன்னேன். சரின்னு கயிறக் கட்டினாரு."

அந்தக் கரைக்காரர் புரிந்துகொண்டு தலையாட்டினார். "வல வேற, படவ வேற" என்றார். அவர் கரை பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. எங்கள் கரைவரை எதிர்காற்றில் டீசல் எரித்து இழுத்துவந்திருக்கிறார்.

எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் வைத்த மடவைக் குழம்பு இருந்தது, சோறு மட்டும் வடித்தேன். "வாங்கண்ணா, சாப்பாடு ரெடி" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரையேறிவிட்டது.

"இன்னாவாம்?"

"உங்க ஊர்ல சோத்தக்கூட பாடுன்னுதான் சொல்லுவீங்களாம். சாப்-பாடு. கெட்டுப்போனதோன்னு துன்றதுக்குப் பயமா இருக்குதாம்."

தண்ணீர் சொம்பை வைத்த இடத்திலேயே நான் உட்கார்ந்து சிரித்தேன். காலையிலிருந்து அழுத அழுகையெல்லாம் அதில்தான் போனது. அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வலையை விதிப்படி அறுத்தார்கள். பாவம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் காவலுக்கே அர்த்தமில்லாமல் போயிருக்கும். அறுக்கும்போது ஒரு முனையை வலைக்காரரே இழுத்துப் பிடித்துக்கொண்டாராம். அதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய கண் வலை அவரிடம் இருந்தது, ஆனால் நல்ல இடத்தில் போட அவர் ஊரில் அவருக்கு முறை வர நாள் ஆகுமாம். மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"அடுத்து நமக்கு வர பாட்ட அவருக்குக் குடு."

அவர் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கரைக்காரனுக்கா? ஊர்ல ஒத்துக்குவாங்களா?"

"நம்ம பாடுதானே. நீ கேட்டுப் பாரு."

கம்பெனிக்கு வா, வா என்று கேட்டுக்கொண்டிருந்த வாயா இது என்று எனக்கே தெரியவில்லை. கொட்டகையில் பெரிய பேச்சாகிவிட்டது. "இன்னைக்குப் பாட்டக் குடுப்ப, நாளைக்குப் படகக் குடுப்பியா?" என்று ஒருத்தர் நக்கல் செய்தாராம். "படகக் காப்பாத்தினதே அந்த ஆளுதான்யா" என்று இன்னொருத்தர் சொன்னாராம். ஒரே ஒருதரம், வழக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். எங்கள் முறை வந்த அன்றைக்கு அவர் வந்து எங்கள் இடத்தில் வலை கட்டினார். இறால் சுமாராகத்தான் விழுந்தது. விழுந்ததில் சின்னதையெல்லாம் எங்கள் ஆட்கள் பார்க்கும்படி தண்ணீரில் விட்டார். ஒரு பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது காவல் பாட்டில் அவரும் இருக்கிறார். அந்தக் கரையிலிருந்து அவர் வருகிற நாட்களில் என் வீட்டுக்காரர் கூடப் போனால், சோறு இரண்டு ஆளுக்குக் கட்டுகிறேன். கம்பெனிப் பேச்சை நான் எடுப்பதில்லை. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் மூடி எண்ணுகிற கணக்கு தப்பிப்போகிறது. ஆனால் முன்பெல்லாம் அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பயந்தேன். இப்போது அந்தக் கரையிலும் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

காவல் நாட்களில் டீ இடைவேளையில் அந்தக் கரைக்காரர் போன் வரும். ஒருதரம் பட்டது அவருக்குப் போதும். எடுத்ததும் வணக்கம்கூடக் கிடையாது, "பாக உன்னாடு" என்றுதான் ஆரம்பிப்பார். நல்லா இருக்கார் என்று அர்த்தம். அப்புறம்தான் மற்றது. போன வாரம் காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கத்தினார்: "மீ ஆயன பாக உன்னாடும்மா. படவ பாக உந்தி. செருவு பாக உந்தி."

"செருவுன்னா இன்னாடி?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"ஏரிக்கா" என்றாள்.