தண்ணீரில் மிதந்த நீலக் குழாய்

சபையாருக்குத் தோத்திரம். நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கணவர் தவறிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கோ மூச்சிளைப்பு. வேலை நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளோடு எங்கே போவேன்?

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் எனக்கு நீலக் குழாய் ஒன்று கொடுத்திருந்தார். வாயில் வைத்து இழுத்தால் உடனே நெஞ்சு திறக்கும். பிறகு டாக்டர் சொன்னாரென்று பழுப்புக் குழாய் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இழுத்தேன். ஒன்றுமே இல்லை. மறுநாளும் அப்படியே. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல மருந்தை டவுனில் விற்றுவிட்டு, காலிக் குழாயை என் தலையில் கட்டிவிட்டாரோ இந்த ஆள்? பழுப்பைத் தூக்கி அலமாரியில் போட்டேன். நீலத்தையே ஓயாமல் இழுத்தேன். "ஆண்டவரே, என்னை ஏமாற்றுகிறவனைக் காட்டிக்கொடும்" என்று அழுது ஜெபித்தேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு குழாய்களோடும் மருந்தகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"யாரு காதுல பூ சுத்துறீங்க? இந்தப் பழுப்பு காலி டப்பா!"

டிரெசருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாங்கக்கா, எல்லாரும் பாக்கட்டும் லா" என்று கை கழுவும் பேசினில் தண்ணீர் பிடித்தார். குழாய்களுக்குள் இருந்த மருந்துக் குப்பிகளை உருவினார். "மருந்து இருந்தா முங்கும். காலின்னா மிதக்கும்."

பழுப்புக் குழாயின் குப்பி அடியில் போய் உட்கார்ந்தது. நீலத்தினுடையது மிதந்தது.

உயிரென்று மடியில் முடிந்து வைத்திருந்ததுதான் காலி.

"நீலம் அடைச்ச மூச்ச அந்த நேரத்துக்குத் தொறந்துவிடும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற வீக்கத்தப் பழுப்புதான் மெல்ல மெல்ல ஆத்தும். காலையும் சாயங்காலமும் விடாம இழுக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் மருந்துக்கா" என்றார். புது நீலக் குழாயும் கொடுத்தார்.

திங்கட்கிழமை மரக்காட்டுக்குள் மூச்சு அடைத்துவிட்டது. பக்கத்தில் ஆளே இல்லை. அந்தப் புது நீலம்தான் கைகொடுத்தது. பழையதை நம்பிப் போயிருந்தால் என் பிள்ளைகள் அநாதைகள். ஏமாற்றுகிறவனைக் காட்டும் என்றேன், ஆண்டவர் காட்டிவிட்டார்! ஏமாற்றியது டிரெசர் இல்லை, நான் நம்பிய அந்தக் காலி நீலம்தான்.

பழுப்பை விடாமல் இழுத்தேன். போகப் போக நீலத்தைத் தேடுவதே குறைந்தது. வேலையும் தங்கியது, வீடும் தங்கியது. இப்போது சபையில் பாட்டின் கடைசி அடிவரை பாடுகிறேன். சுருதியை மட்டும் கேட்காதீர்கள்.

ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று சோர்ந்திருப்பவர்களே, விட்டுவிடாதீர்கள். ஜெபமும் அந்தப் பழுப்பு மாதிரிதான், மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். முழங்காலும் போடுங்கள், மருந்தும் எடுங்கள். என் சந்தேக புத்தி இன்னும் முழுதாகப் போகவில்லை. புதுக் குழாய் வந்தால் இன்றைக்கும் தண்ணீரில் போட்டுத்தான் பார்க்கிறேன். ஆண்டவரைச் சோதித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.