ஆறு பேருக்கு ஒரு சஹன்

மபாஸா என் தம்பியின் மனைவி. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு விலை சொல்ல வாய் வராது. அவள் பொரிக்கும் மீன் கட்லட்டுக்காக மாத்தளை டவுனின் மறு மூலையிலிருந்து ஆள் அனுப்புவார்கள். ஆனால் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் போதும், தலையைக் குனிந்துகொண்டு "பார்த்துக் குடுங்களேன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பதினாறு வருடமாக என் வீட்டுக்காரரோடு சரக்குக் கடையில் நிற்கிறவள். ஏலக்காயைக் கையில் அள்ளியதும் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். பார்த்துக் குடுங்களேன் என்ற பேச்சு என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

அப்படிப்பட்டவள் போன வருடம் செப்டம்பர் மாதம் கடைக்கு வந்து நின்றாள். "மதினி, சின்னப் பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு ஒன்னு வைக்கப் போறேன்."

"எந்தப் பிள்ளைகளுக்கு?"

"ஸ்கூலுக்குப் போகாம வீட்டுலயே படிக்கிற பிள்ளைகளுக்கு."

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய மகள் மர்வா. எட்டு வயது. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் எழுப்பி வாசிக்கச் சொன்னபோது சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. அன்றோடு பிள்ளையின் பேச்சு வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. எங்களோடு இருந்தால் ஓயாமல் கதைப்பாள். அந்நியர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் வாயை மூடிக்கொள்வாள். மபாஸா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிப்பித்தாள். தோஹாவில் லொறி ஓட்டும் என் தம்பி ஸப்வான் அதற்கு ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தான். ஜனவரிக்குள் மகள் வெளிப் பிள்ளைகளோடு கதைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் பள்ளிக்கூடம்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் இரண்டு மடங்கு. மபாஸாவின் பயமோ வேறு. அந்த வகுப்பறைக்குத் திரும்பிப் போனால் வீட்டுக்குள் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று அவள் நடுங்கினாள்.

"என்னோட கட்லட் உருட்டக்குள்ளதான் அவ கூடக் கதைக்கிறா. கை வேலையா இருந்தா வாய் தன்னால திறக்குது. இன்னும் நாலு பிள்ளைகள் பக்கத்துல இருந்து உருட்டினா கதைக்க மாட்டாளா மதினி?"

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதைக் காட்டாமல், "சரி, விலையை நான் பார்க்கிறேன், நீ வாயைத் திறக்காத" என்றேன். அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

வீட்டில் படிப்பிக்கும் தாய்மார் வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மபாஸா அதில் அறிவித்தல் போட்டாள். போட்ட நேரத்திலிருந்து அவளுக்கு நிம்மதி போனது. பிள்ளைகள் கையை வெட்டிக்கொண்டால்? எண்ணெய் தெறித்தால்? யாருக்காவது கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாவிட்டால்? வீட்டிலிருந்த கத்திகளை எல்லாம் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள், பிறகு வெங்காயம் வெட்டக் கத்தி இல்லாமல் கதிரை போட்டு ஏறி இறக்கினாள். ஒரு கட்லட் உருட்ட எத்தனை நிமிடம் என்று மர்வாவை உட்காரவைத்து மணிக்கூடு பார்த்தாள். மெனுவை நாலு தடவை மாற்றினாள். கடைசியில் பிள்ளைகள் கட்லட் உருட்டுவது, அவித்த முட்டை உரிப்பது, கரட் சம்பல் பிசைவது என்று முடிவானது. மஞ்சள் சோறும் கோழியும் அவள் சமைப்பாள். அடுப்புப் பக்கம் ஒரு பிள்ளையும் வரக் கூடாது.

வகுப்பு முடிவில் எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிட வேண்டும் என்பதும் அவள் யோசனைதான். எங்கள் கலியாண வீடுகளில் பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தத் தட்டுத்தான் சஹன். சமையல்காரரும் தலைக்கு இத்தனை என்று விலை பேச மாட்டார், சஹனுக்கு இத்தனை என்றுதான் பேசுவார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரு சஹன், ஆறு பிள்ளைகள். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

"ஒரு பிள்ளைக்கு ஐநூறு போடுவோமா?" என்றாள்.

"ஐநூறா? முட்டை யாரு வாங்குற, உன்ட வாப்பாவா?"

சாமான், அடுப்புக் காஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். மூவாயிரத்து அறுநூறு போகும். தலைக்கு ஆயிரம் ரூபா என்று நானே குழுவில் போட்டேன். அவள் போனைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் நடந்தாள். "யாரும் வர மாட்டாங்க மதினி. கேட்டதே கூடிப்போச்சு. பேராசைக்காரின்னு நினைப்பாங்க." அன்றைக்கு முழுவதும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

ஸுலைஹா என்ற ஒருத்தி மூன்று பிள்ளைகளைச் சேர்த்தாள். மூன்றாவது பிள்ளைக்குப் பாதிக் காசுதான் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்துக்கொண்டாள். இன்னொரு வீட்டிலிருந்து இரண்டு பேர். ஆக ஐந்து பிள்ளைகள், நாலாயிரத்து ஐநூறு. மிஞ்சுவது தொள்ளாயிரம்.

"அஞ்சு போதும் மதினி" என்றாள் மபாஸா.

"பைத்தியமா உனக்கு? அஞ்சு பேரோட உன்ட கூலிதான் வரும். ஆறாவது பிள்ளைதான் லாபம்."

"இல்ல, அஞ்சு…" என்று இழுத்தாள். நான் முறைத்ததும் குசினிக்குள் போய்விட்டாள். விலைக்குப் பயப்படுகிற மாதிரியே இதற்கும் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாத்தளைக்குப் பக்கத்து நாலந்தாவிலிருந்து சுதர்சினி என்ற ஒரு பெண் போனில் பேசினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கணவருக்கு அரசாங்க உத்தியோகம், வருடத்துக்கு வருடம் இடமாற்றம், அதனால் மகளை வீட்டிலேயே படிப்பிக்கிறாள். "அக்கா, இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கோ? காசு எவ்வளவெண்டாலும் பரவாயில்லை. இவளுக்கு இங்க விளையாட ஒருத்தரும் இல்லை."

"ஓ, தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றேன். மபாஸாவிடம் கேட்கக்கூட இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வர வேண்டும். ஒன்பதரை ஆகியும் நாலந்தாக்காரர் இல்லை. மபாஸா ஜன்னலுக்கும் குசினிக்குமாக நடந்தாள். மர்வா புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் வெளியே வருவாளா என்பதே பெரிய கேள்வி. பஸ் தாமதம் என்று சொல்லிக்கொண்டு சுதர்சினி மகள் அஜந்தாவோடு ஓடிவந்தாள். அந்தப் பரபரப்பில் மர்வா எப்போது மேசைக்கு வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது அஜந்தாவுக்குப் பக்கத்தில் நின்று உருட்டிக்கொண்டிருந்தாள்.

அல்ஹம்துலில்லாஹ், ஒரு கையும் வெட்டுப்படவில்லை. ஸுலைஹாவின் கடைக்குட்டி கட்லட்டுக்குப் பிசைந்த கிழங்கில் பாதியைத் தின்று தீர்த்தான், அவ்வளவுதான் சேதம். மர்வா எல்லோரையும்விட வடிவாக உருட்டினாள். அஜந்தா அவளுடைய கையைப் பார்த்துப் பார்த்து உருட்டினாள். ஆனால் பேச்சு இல்லை. அஜந்தா ஏதோ கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். மபாஸா கோழி கிண்டிக்கொண்டே மகளின் வாயையே பார்த்தாள். கோழி அடிப்பிடித்ததுகூட அவளுக்கு மணக்கவில்லை, நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பாய் விரித்துச் சஹனை நடுவில் வைத்தேன். கட்லட்டையும் முட்டையையும் சோற்றின் மேல் அடுக்கி, ஆறு பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்தேன். மர்வா பாயின் ஓரத்துக்கு வந்தாள். வீட்டுப் பிள்ளைதானே, வந்தவர்களைக் கவனிக்கட்டும் என்று தண்ணீர்க் கேத்தலை அவள் கையில் கொடுத்தேன். "மகள், எல்லாருக்கும் கை கழுவ ஊத்துங்க."

ஊற்றினாள். ஒவ்வொருவராக, ஆறு பேருக்கும். ஊற்றி முடித்துக் கேத்தலைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சஹனைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமி, நான் எங்க இருக்கிறது?"

தெளிவாகக் கேட்டாள். ஒரு எழுத்தும் சிக்கவில்லை. அந்நியர்கள் ஆறு பேருக்கு முன்னால், ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. இந்த வகுப்பே அவளுக்காகத்தான் வைத்தது. அவளை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் ஆட்களின் பிள்ளைகள் ஐந்து பேரும் அசையவில்லை. ஆறு பேர் உட்கார்ந்தால் சஹன் நிறைந்தது என்று அவர்களுக்குப் பழக்கம். அஜந்தாவுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள். "இங்கால இருங்கோ" என்றாள். மர்வா உட்கார்ந்தாள். இடம் போதாமல் அவளுடைய ஒரு முழங்கால் பாய்க்கு வெளியே இருந்தது.

நான் குசினிக்குள் போனேன். மபாஸா சுவரோடு சாய்ந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "கதைச்சிட்டா மதினி" என்றாள். அழுதாள். கொஞ்சம் கழித்து, "அஞ்சு போதும்னு சொன்னேனே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஸுலைஹா வாசலிலேயே தொடங்கினாள். அடுத்த வகுப்புக்குக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன, மூன்று பிள்ளைகள் அல்லவா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மபாஸா முன்னால் வந்தாள்.

"இனி ரெண்டு சஹன் வைப்பேன். என்ட மகளும் அதுல இருப்பா. அதனால தலைக்கு ஆயிரத்து இருநூறு. மூனாவது பிள்ளைக்கும் அதே விலைதான்."

இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை. ஸுலைஹா, "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இனி வருவாளோ மாட்டாளோ, மூன்று பிள்ளைகள் போனால் வகுப்பு என்னாகும் என்று நான் வாசலிலேயே விரல் விட்டு எண்ணினேன். மபாஸா சஹனைக் கழுவப் போய்விட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுத பிறகு தோஹாவிலிருந்து ஸப்வான் போன் எடுத்தான். மபாஸா மூச்சு வாங்க, "மகள் கதைச்சா! எல்லாருக்கும் முன்னால கதைச்சா!" என்றாள். அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்கே கேட்டது. "மாஷா அல்லாஹ்! என்ன கதைச்சா? சொல்லுங்களேன், என்ன கதைச்சா?"

மபாஸா என்னை ஒரு முறை பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள். "மதினி சொல்லுவாங்க."

எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "தாத்தா, சொல்லுங்க தாத்தா" என்று தம்பி சின்னப் பிள்ளையாகக் கெஞ்சினான்.

"நான் எங்க இருக்கிறதுன்னு கேட்டா தம்பி."

"ஏன், அவளுக்கு இடம் இல்லையா?"

"இல்ல" என்றேன். "நான் வைக்கல்ல."