மூன்று வீட்டில் ஓர் இஞ்சின்

தேவிகாபுரம் பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு கொல்லையோரம் துருப்பிடித்த டிராக்டரோ, புல் முளைத்த கலப்பையோ கண்ணில் படும். பக்கத்தில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பாவமே வராது, கோபம்தான் வரும். இரும்பு தானாகத் துருப்பிடிக்காது. யாரோ ஒருவர் வீம்பு பிடித்து உட்கார்ந்திருப்பார், அதனால்தான் துருப்பிடித்திருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியப்பா, அப்பா, சித்தப்பா. தாத்தா போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் பாகம் பிரித்தார்கள். நிலத்தை வரப்பு போட்டுப் பிரிக்கலாம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதனால் முறை வைத்தார்கள். ஒரு நாள் ஒருவருக்குத் தண்ணீர். இறைக்கிற ஆயில் இஞ்சின் மூவருக்கும் பொது. எங்கள் பக்கம் பங்குக் கிணறுகளில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைய முறைக்காரர் இறைத்து முடித்ததும் இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலைக் கொண்டுபோய் நாளைய முறைக்காரர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். ஹேண்டில் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் அன்றைக்குத் தண்ணீர். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஒரு நாள் பெரியப்பா தன் முறை முடிந்தும் இஞ்சினை நிறுத்தவில்லை. கரும்புக்குக் கடைசிப் பாத்தி பாயட்டும் என்று விடிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முறையில் கொஞ்சம் நேரம் போனது, அவ்வளவுதான். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கு இறைத்து முடித்து ஹேண்டிலைத் துடைத்தார், வீட்டுக்குக் கொண்டுவந்தார், சித்தப்பாவுக்குக் கொடுக்காமல் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

"இது எங்கிட்ட கீற வரைக்கும் எவனும் என் தண்ணியத் தொட முடியாது" என்றார்.

இதைக் கேட்ட பெரியப்பா நேராகப் போய் இஞ்சினிலிருந்து நாசிலைக் கழற்றிக்கொண்டார். நாசில் இல்லாவிட்டால் டீசல் உள்ளே போகாது. "ஹேண்டில வச்சிகினு சுத்திகினே இருக்கட்டும், பாக்கலாம்" என்றாராம். சித்தப்பாவுக்கு இரண்டு பேர் மேலும் சண்டை இல்லை. அவர் எதற்கும் இருக்கட்டும் என்று பம்பைச் சுற்றுகிற பெல்ட்டைக் கழற்றி எடுத்துப் போனார். அவ்வளவுதான், ஒரு இஞ்சின் மூன்று வீட்டுக்குக் குடிபோனது.

ஆரணி பஜாரில் ஒரு ஹேண்டில் கிடைக்காதா, ஒரு நாசில் கிடைக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் பெரியப்பா ஹேண்டில் வாங்கினால் பழைய ஹேண்டில் அப்பாவுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். அப்பா நாசில் வாங்கினால் அண்ணனிடம் தோற்றுவிட்டதாக ஆகிவிடுமாம். கரண்டு மோட்டார் போடவும் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். எழுதும்போதே எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்போது நான் ஆரணியில் ஒரு பட்டுத்தறி வீட்டுக்கு ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டிலும் அண்ணன் தம்பிகள் உண்டு, காலையில் ஆரம்பிக்கும் சண்டை மாலையில்தான் ஓயும். ஆனால் கோபத்தில், ஊடை ஓட்டுகிற நாடாவைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டு போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தறி நின்றால் அடுப்பு நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அடுப்பு எப்படி எரிகிறது என்பதே தெரியாது. தெரிந்தவள் அம்மா.

அந்தக் கோடையில் எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை போட்டிருந்தோம், வேர்க்கடலைதான். பூ விட்டு, விழுது இறங்குகிற நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணுக்குள் பருப்பில்லாத வெறும் பொக்குதான் மிஞ்சும். கிணற்றில் தண்ணீர் இருந்தது, பக்கத்துக் கொட்டகையில் இஞ்சின் இருந்தது. அம்மா மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றின் படியில் இறங்கி ஏறினாள். அதுவும் எங்கள் முறை நாளில்தான். மற்ற நாளில் ஒரு குடம் எடுத்தாலும் யாராவது வந்து கேட்பார்கள். இறங்குவதற்கு முன்னால் இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டும் பார்த்தாள். இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்: "மொதல்ல ஹேண்டில அவரு குடுக்கட்டும்." அப்பாவிடம் வந்து சொன்னாள். "மொதல்ல நாசில் வரட்டும்" என்றார்.

ஒரு நாள் பாசிப்படியில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். தண்ணீர் வரைக்கும் போகவில்லை, நடுப்படியில் வலது முழங்கை மடங்கிப் போய்க் கிடந்தாள். சத்தம் கேட்டு மூன்று பேரும் ஓடிவந்தார்கள். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கால்பக்கம், ஒருவர் இடுப்பில் கைகொடுத்து மேலே ஏற்றினார்கள். பாகம் பிரித்த பிறகு அவர்கள் மூவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். கட்டுப்போடும் இடத்துக்கும் மூவருமாகத்தான் கூட்டிப் போனார்கள்.

இனி ஹேண்டில் கிணற்றுக்குப் போய்விடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். மறுநாள் காலையில் அப்பா அதைக் கையில் எடுத்ததும் எனக்கு உயிரே வந்தது. அவர் எண்ணெய்த் துணியால் துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழைய இடத்திலேயே மாட்டினார். மல்லாட்டை காய்ந்தது. அம்மாவின் கை கோணலாகவே கூடியது. அதற்குப் பிறகு அவளால் வலது கையை மடக்கித் தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை, தலைமுடியை நான்தான் பின்னிவிட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் மேலே ஆயுத பூஜை ஒன்று. வருடா வருடம் அந்த ஹேண்டிலுக்கு மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. பூசுகிறவள் அம்மா, இடது கையால். அதே நாளில் பெரியப்பா வீட்டில் நாசிலுக்கும், சித்தப்பா வீட்டில் பெல்ட்டுக்கும் கற்பூரம் காட்டினார்கள். கொட்டகையில் இருந்த இஞ்சினுக்கு ஒரு பொட்டு வைக்க ஆள் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சுற்றிலும் போர்வெல் போட்டார்கள். எங்கள் கிணறு வற்றியது, கொட்டகை சரிந்து இஞ்சின் மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகுதான் மூவருக்கும் புத்தி வந்து, கண்ணமங்கலத்திலிருந்து பழைய இரும்பு எடுக்கிறவரை வரவழைத்தார்கள். அன்றைக்கு நான் மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தேன். அம்மாவோடு இஞ்சின் பக்கத்தில் போய்ப் பார்த்தால், கை வைத்த இடமெல்லாம் பொரிந்து உதிர்ந்தது. மூவரும் ஆளுக்கொரு துணி மூட்டையைப் பிரித்தார்கள். நாசில் பளபளத்தது. பெல்ட்டில் ஒரு வெடிப்பு இல்லை. ஹேண்டிலில் முகம் பார்க்கலாம்.

இரும்புக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "இதெல்லாம் புதுசு மாரி கீதுங்களே, அப்புறம் ஏங்க இஞ்சின இப்படி உட்டீங்க?"

பெரியப்பா நாசிலைத் தராசில் வைத்தார், சித்தப்பா பெல்ட்டை வைத்தார். அப்பா மட்டும் ஹேண்டிலைத் திரும்பத் துணியில் சுற்றினார். "இது எடைக்கு இல்ல. இது எங்கூட்டோடது" என்றார்.

"குடுங்க இப்படி" என்றாள் அம்மா.

வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவரும் கொடுத்தார். அவள் துணியை உருவிக் கீழே போட்டாள், கிணற்றங்கரைக்கு நடந்தாள், இடது கையை ஓங்கி உள்ளே எறிந்தாள். ஹேண்டில் படிக்குப் படி அடித்துக்கொண்டு போய் அடியில் பாறையில் விழுந்து நின்றது.

அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "அறிவு கீதா ஒனக்கு? இப்ப அத யாரு எறங்கி எடுக்கறது?"

அம்மா விழுந்த துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒங்க மொற வரும் இல்ல? அப்ப எறங்கி எடுத்துக்குங்க."