மணலாக வந்த கல்

சிரம்பானில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவை அறையில் தாதியாக வேலை பார்க்கிறேன். சிறுநீரகக் கல் எடுப்பதுதான் எங்கள் அறையின் அன்றாடப் பிழைப்பு. கல்லைப் பற்றி யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இப்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அக்கா போன பிறகு என் முன்னால் அந்தச் சொல்லையே தவிர்க்கிறார்கள். சோற்றில் கல் கடித்தால்கூட என் மகள் சத்தமில்லாமல் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வருகிறாள்.

அக்கா ரெம்பாவ் பக்கத்தில் பாமாயிலுக்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கேங்கில் இருந்தாள். களைக்கொல்லி நிரப்பிய பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டே நடக்கும் வேலை. கேங்கில் எல்லாரும் பெண்கள், மேற்பார்க்கும் மண்டோர் மட்டும் ஆண். காட்டில் ஒதுங்க இடம் கிடையாது, கையெல்லாம் மருந்து. அதனால் காலையில் இறங்கினால் வேலை முடிகிறவரை அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. கொண்டுபோகிற போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பும். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"நீ வந்து காட்டுல ஒதுங்கிப் பாருலா, அப்புறம் பேசு" என்பாள்.

அந்த வாய்க்கு முன்னால் என் படிப்பு எந்தக் காலத்திலும் செல்லுபடியானதில்லை. கடைசியில் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் கல் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கல்லுக்கு இரண்டு வழியும் சரிப்படும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அக்காவை நேரே, தேங்காய்ப்பாலில் ஐஸும் பயறும் போட்டுத் தரும் ஒரு செண்டோல் கடைக்கு அழைத்துப்போனேன். அங்கே உட்கார்ந்துதான் விளக்கினேன். கிண்ணத்தில் மிதந்த சிவப்புப் பயறுதான் கல், ஸ்ட்ராதான் குழாய்.

ஒன்று முதுகு வழி. கவிழ்த்துப் படுக்கவைத்து, முதுகில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாயை இறக்குவார்கள். லேசரால் கல்லை உடைப்பார்கள். அந்தக் குழாயிலேயே உறிஞ்சும் கருவி இணைந்திருக்கும். அகலமான குழாய் என்பதால் உடைந்தவை துண்டு துண்டாகவே சடசடவென்று வெளியே வந்துவிடும்.

மற்றது சிறுநீர்ப் பாதை வழி. வெட்டு கிடையாது. நுனி வளைகிற மெல்லிய குழாயைக் கீழிருந்து மேலே ஏற்றி, சிறுநீரகத்தின் மூலைமுடுக்குகளில் திருப்பித் திருப்பி, கல்லைத் தூளாக்கி உறிஞ்ச வேண்டும். நேரம் பிடிக்கும். உறிஞ்சும் வேகம் கூடினால் உள்சவ்வு வந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தூள் தங்கிவிடும். கையில் நிதானம் உள்ளவர்கள் செய்தால் அழகாக இருக்கும்.

இரண்டிலும் உறிஞ்சுவதற்குக் கல்லை வெளியே எடுப்பது மட்டும் காரணமில்லை. உள்ளே பார்வை தெளிவாக இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அது தேங்கினால் அழுத்தம் ஏறும். உள்ளே கிருமி இருந்தால் அந்த அழுத்தம் அதை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். உறிஞ்சும் குழாய் அழுத்தத்தை ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஸ்ட்ராவில் சிக்கிய பயற்றை ஊதித் தள்ளினாள்.

"முதுகுல ஓட்ட போட்டா பம்பு எப்படிடி மாட்டுறது?"

"காயம் ஆறுற வரைக்கும் லீவு போடுக்கா."

"லீவு போட்டா என் இடத்துல வேற ஆள விட்டுருவான் மண்டோர். முதுகு வேணாம். கீழ் வழியாவே போவட்டும்."

அப்படித்தான் முடிவானது. மருத்துவரும் தலையாட்டினார். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "கல்ல எங்கிட்ட குடுத்துரணும், சரியா? கேங்குல எல்லாத்துக்கும் காட்டுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்." அந்த வழியில் கல்லாக வராது, மணலாகத்தான் வரும் என்றேன். "மணலாச்சும் குடு" என்றாள். கேங்கில் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாளாம்.

தேதி கிடைப்பதற்கு வெகுநாள் காத்திருந்தோம். ரத்தமும் சிறுநீரும் முந்திய வாரமே சோதித்து, பழுதில்லை என்று சொல்லியிருந்தார்கள். அறுவைக்குரிய நாளன்று காலை ராசா பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு என்னுடன் புறப்பட்டாள். வார்டில் உடல்சூடு பார்த்தார்கள்; சரியாக இருந்தது. மயக்க மருத்துவர் காய்ச்சல் உண்டா என்று கேட்டார். "நல்லாருக்கேன் டாக்டர்" என்று பல் தெரியச் சிரித்தாள்.

சொந்தக்காரருக்கு நடக்கும் அறுவையில் நாங்கள் கருவி எடுத்துக் கொடுப்பதில்லை. நான் அடுத்த அறையில் வேறொரு வேலையில் இருந்தேன். முடிந்ததும் என் தோழி கூப்பிட்டுக் காட்டினாள். உறிஞ்சிய தண்ணீர் சேரும் போத்தலின் அடியில் வெளிர்மஞ்சளாக மணல் படிந்திருந்தது. ஒரு துணுக்குகூட மிச்சமில்லை என்றார் மருத்துவர். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மணலைக் கேட்டு, ஒரு சின்னக் குப்பியில் வடித்து வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் அக்காவுக்கு நடுக்கம் கண்டது. போர்வை மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. பிறகு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக்குழாய் போடுவதற்கு முன்பு என்னைப் பக்கத்தில் விட்டார்கள்.

"நேத்தே காய்ச்சல்டி" என்றாள் அக்கா. "காலையில ரெண்டு பனடோல் மாத்திர போட்டுட்டுத்தான் வந்தேன்."

"ஏன்க்கா?"

"சொன்னா திருப்பி அனுப்பிருப்பீங்கல்ல."

தோட்டத்தில் விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பெரட்டில் யாராவது காய்ச்சலில் சுருண்டு நின்றால் மண்டோர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. அதனால் உடம்பு சுட்டால் பனடோலைப் போட்டு, முகத்தைக் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்பார்கள். அம்மா செய்தாள், அக்கா செய்தாள். எங்கள் வார்டில் தாதி சூடு பார்க்க வந்ததும் அவளுக்குப் பெரட்டாகத்தான் பட்டிருக்கிறது. பனடோல் போட்டதைச் சொல்லும்போது அவள் முகத்தில் மண்டோரை ஏமாற்றிய பெருமை இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த நிமிடம் அழுகையும் வருகிறது.

மறுநாள் சாயங்காலம் அக்கா போய்விட்டாள்.

பிறகு மருத்துவரிடம் போய் நின்றேன். முதுகு வழியாகப் போயிருந்தால்? அகலக் குழாய், சீக்கிரம் முடிந்திருக்கும், தண்ணீரும் குறைவாகப் போயிருக்கும் இல்லையா? அவர் என்னை உட்காரச் சொன்னார். இரண்டிலும் அழுத்தத்தைத் தணிக்கலாம், ஆனால் ஏற்கெனவே கிருமி பெருகியிருக்கும் இடத்தில் எந்தக் குழாய் போனாலும் ஆபத்துதான் என்றார். காய்ச்சல் என்று தெரிந்திருந்தால் கல்லைத் தொட்டே இருக்க மாட்டோம், சிறுநீர் இறங்க ஒரு குழாய் மட்டும் வைத்து, மருந்து கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டு, அப்புறம் கூப்பிட்டிருப்போம் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியும் இன்றுவரை வேலைக்குப் போகிற வழியெல்லாம் முதுகு வழியா, கீழ் வழியா என்று மனம் தராசு பிடித்துக்கொண்டே இருக்கிறது.

ஏழாம் நாள் ஜெபத்துக்குத் தோட்டத்தில் அக்கா வீட்டில் கூடினோம். வேலை முடித்துக் குளித்துவிட்டுக் கேங்குப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அக்கா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கல்லக் கொண்டாந்து காட்டுறேன்னு சொன்னிச்சி…"

குப்பியை எடுத்துக் கொடுத்தேன். கைமாறிக் கைமாறிப் போனது. சிலர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். "இதுக்கா அந்தப் பாடு பட்டா" என்று ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாகக் குப்பியை என்னிடம் திருப்பித் தந்தவள் அக்காவோடு ஒரே வரிசையில் மருந்தடிப்பவள். முகம் நிறையப் பவுடர். அவள் விரல்கள் என் உள்ளங்கையில் பட்டபோது சுட்டன.

"உனக்குக் காய்ச்சலாம்மா?"

"ஒண்ணுமில்லக்கா" என்று சிரித்தாள். "பனடோல் வாங்கி வச்சிருக்கேன். காலையில பெரட்டுக்குள்ள காச்சல் எறங்கிரும்."

குப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்லி அவள் கேட்டாள். நான் விடவில்லை.