பேர் சொல்லிக் கூப்பிட்டால்

தர்மபுரியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே கம்பவுண்டராக இருந்த சவுரியப்பனுக்கு மருந்து கலக்குவதைவிட ஆளை மயக்குவதில்தான் ஆசை அதிகம். மேசையில் படுத்தவர் முகத்தில் துணி சுற்றிய கம்பிக்கூட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவது அவர் வேலை. மயங்கினவர் எங்கே போகிறார், எந்த வழியாகத் திரும்புகிறார் என்ற கேள்வி அவரைப் பேய் மாதிரி பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மாவைத் துளைத்தெடுத்ததில் கொஞ்சம் தெரிந்தது. மருந்து முதலில் மூளையின் மேற்பகுதிக்குப் போய் நினைப்பையும் பேச்சையும் அணைக்கும். பிறகு கீழே இறங்கும். பிடரிக்குள் மூச்சை நடத்துகிற இடம் ஒன்று உண்டு. அங்கே போகுமுன் கையை நிறுத்துவதுதான் சாமர்த்தியம். தெளியும்போது கீழிருந்து மேலே வரும். "அதுக்கு மேல கேட்டா எனக்கும் தெரியாது சவுரியப்பா," என்றார் டாக்டரம்மா. அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. டாக்டருக்கே தெரியாத ஒன்றல்லவா தன் கையில் இருக்கிறது.

ஆகவே தெளிகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பேச்சு என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். மொரப்பூர்க்காரர் ஒருவர், "ரயிலு போயிருச்சுங்களா?" என்றார். வத்தல்மலை மல்லையன் சாமைக்காட்டில் புகுந்த பன்றியைப் படுத்தபடியே வாயால் விரட்டினார். எல்லாருமே பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அசைந்தார்கள். எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும், தன் பேருக்கு மட்டும் உள்ளே ஒரு காவல்காரன் விழித்திருக்கிறான் என்று சவுரியப்பன் முடிவு கட்டிவிட்டார். நர்ஸ் சகாயமேரியிடம் அதை வேதவாக்காகவே சொல்லிவந்தார்.

யுத்தம் தொடங்கிய வருஷம் அவர் மனைவி தெரசாவுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. மயக்கம் கொடுக்க வேறு ஆள் இல்லை, அவரே மருந்து விட்டார். தையல் முடிந்தது. மூச்சும் நாடியும் சீராகத்தான் இருந்தன. கண் மட்டும் திறக்கவில்லை.

"தெரசா," என்றார். அசைவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார். மற்றவர்கள் தெளிகிற நேரமெல்லாம் தாண்டிப் போயிற்று. "பொறு, வருவா," என்று டாக்டரம்மா சொன்னாலும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு சொட்டுக் கூடிப்போயிற்றோ, பிடரிவரைக்கும் இறங்கிவிட்டதோ என்று சவுரியப்பனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"அண்ணே, வூட்ல அண்ணிய எப்பிடிக் கூப்புடுவீங்க?" என்று கேட்டாள் சகாயமேரி.

சவுரியப்பன் யோசித்தார். கூப்பிட்டதே இல்லை. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்குக் கூச்சம். பிறந்த வீட்டில் அவள் பாப்பா, தெருவில் கம்பவுண்டர் வூட்டம்மா. தெரசா என்று வாய் நிறையச் சொல்வது மாதா கோயில் சாமியார் ஒருவர்தான். சவுரியப்பனுக்கோ, வாசலில் செருப்பை விடும்போது தினமும் ஒரே பேச்சு. வெட்கத்தை விட்டு அவள் காதருகே குனிந்து அதைச் சொன்னார்.

"களி ஆச்சா?"

உதடு அசைந்தது. "கிண்டிட்டேன். கையக் கழுவிட்டு வாங்க."

சகாயமேரி சிரித்துவிட்டாள். சவுரியப்பனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே இருக்கும் காவல்காரனுக்குப் பேர் பெரிதில்லை, பழகின சத்தம்தான் பெரிது போலிருக்கிறது. மூளை என்பது என்ன விசித்திரம் என்று அந்த நேரத்திலும் அவரால் வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவளுக்குள் அவர் போட்டுவைத்த தடம் களி ஒன்றுதானா?

தையல் ஆறி அவள் வீடு திரும்பிய பிறகு, ஒரு சாயங்காலம் வாசலில் செருப்பை விட்டவர், தொண்டைவரை வந்த பழைய பேச்சை விழுங்கிவிட்டு, "தெரசா," என்று கூப்பிட்டார்.

அடுப்படிச் சத்தம் நிற்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தவள், அவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்காங்க? சாமியாருங்களா?"

"நான்தான்," என்றார் சவுரியப்பன்.